எண்ணச் சொன்ன ஆசிரியரும் எண்ணிய மாணவியும்



அண்மையில் ஐந்தாம் ஆண்டு அறிவியல் பாடத்தில், பச்சைப்பயறு முளைவிடுவதை நாள்தோறும் எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுமாறு மாணவர்களைப் பணித்திருந்தேன். நான்காம் நாள் ஒரு மாணவி, “டீச்சர், தினமும் இதையே எண்ணி என்ன ஆகப் போகுது?” என்று கேட்டாள். நல்ல கேள்வி! வகுப்பில் சுருக்கமாகச் சொன்ன விடையை இங்கே சற்று விரிவாகப் பதிவு செய்கிறேன்.

இத்தாலியின் டூரின் நகரில் 1909-ஆம் ஆண்டு பிறந்தவர் ரீட்டா லெவி-மோந்தால்சினி. உயர்கல்வி பெண்ணின் குடும்ப வாழ்வுக்கு இடையூறு எனக் கருதியவர் அவருடைய தந்தையார். இருபதாம் வயதில் அவரிடம் வாதாடி அனுமதி பெற்ற ரீட்டா, இலத்தீன், கிரேக்கம், கணிதம் ஆகியவற்றை எட்டே மாதங்களில் கற்றுத் தேறி, டூரின் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார்.

அங்கே உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்தவர் ஜுசெப்பே லெவி. பெயரில் ஒற்றுமை உண்டே தவிர, உறவினர் அல்லர். கண்டிப்புக்குப் பெயர் பெற்றவர். சுண்டெலிகளின் நரம்பு முடிச்சுகளில் உள்ள உயிரணுக்களை நுண்ணோக்கியில் பார்த்து எண்ணும் பணியை ரீட்டாவுக்குக் கொடுத்தார். சலிப்பூட்டும் வேலைதான்! நரம்பணுக்களுக்கு வெள்ளிக் கரைசலால் நிறமேற்றும் நுட்பத்தையும் ரீட்டா அவரிடமே கற்றார். 1936-இல் பட்டம் பெற்று, நரம்பியலிலும் மனநல மருத்துவத்திலும் மேற்படிப்பைத் தொடர்ந்தார்.

1938-இல் முசோலினி அரசு யூதர்களுக்கு எதிரான இனச் சட்டங்களைக் கொண்டு வந்தது. ஆசிரியரும் யூதர், மாணவியும் யூதர். அவர் பதவியை இழந்தார். இவருக்குப் பல்கலைக்கழகக் கதவு அடைபட்டது. சிறிது காலம் பெல்ஜியத்தில் பணியாற்றிய ரீட்டா, ஜெர்மானியப் படைகள் அந்நாட்டில் நுழையுமுன் ஊர் திரும்பி, தம் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கினார். தையல் ஊசிகளைத் தீட்டி அறுவைக் கருவிகளாக்கினார். ஆய்வுப் பொருள், கோழி முட்டையில் வளரும் கரு.

கருவின் சிறகு அரும்பை அகற்றிவிட்டால், அதற்குரிய நரம்பணுக்கள் குறைந்துபோவதை விக்டர் ஹாம்பர்கர் என்னும் அறிஞர் 1934-இல் எழுதியிருந்தார். சிறகிலிருந்து தூண்டுதல் வராததால் அவை உருவாவதே இல்லை என்பது அவர் கருத்து. ரீட்டா அதே போன்ற சோதனையைச் செய்து, கரு வளரும் ஒவ்வொரு கட்டத்திலும் நரம்பணுக்களை எண்ணினார். உண்மை வேறாக இருந்தது. அணுக்கள் உருவாகின்றன, வளரவும் தொடங்குகின்றன, பிறகே மடிகின்றன! அப்படியானால், அவற்றை வாழவைக்கும் ஏதோ ஒன்று அவ்வுறுப்பிலிருந்து கிடைத்தாக வேண்டும். ஒருநாள் மட்டும் எண்ணியிருந்தால் இது புலப்பட்டிருக்குமா?

இவ்வேளையில் பேராசிரியர் லெவியும் டூரின் திரும்பியிருந்தார். அவர் என்ன செய்தார் தெரியுமா? தம் மாணவியின் படுக்கையறை ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக அமர்ந்தார். இத்தாலிய இதழ்கள் யூதர்களின் கட்டுரைகளை ஏற்காததால், முடிவுகள் பெல்ஜிய இதழில் வெளிவந்தன. குண்டுவீச்சுக்கு அஞ்சிக் கிராமத்து வீட்டிற்கு இடம்பெயர்ந்தபோதும், ரீட்டா மிதிவண்டியில் சென்று பண்ணைகளில் முட்டை சேகரித்து ஆய்வைத் தொடர்ந்தார். 1943-இல் ஜெர்மானியர் இத்தாலியைக் கைப்பற்றியதும், ஃபுளோரன்சில் மறைந்து வாழ நேர்ந்தது.

போருக்குப் பின், அக்கட்டுரையைப் படித்த ஹாம்பர்கரே 1947-இல் அவரை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்கு அழைத்தார். சில மாதங்களுக்கென்று சென்றவர் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அங்குப் பணியாற்றினார். 1950-களில் அவரும் ஸ்டான்லி கோஹனும் கண்டறிந்த ‘நரம்பு வளர்ச்சிக் காரணி’ 1986-இல் இருவருக்கும் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. ரீட்டா 2012-இல் தமது 103-ஆம் வயதில் காலமானார்.

லெவியின் மாணவர்களில் நோபல் பரிசு பெற்றவர்கள் மூவர்: லூரியா 1969-இல், துல்பெக்கோ 1975-இல், ரீட்டா 1986-இல். லெவி மறைந்ததோ 1965-இல். ஒருவரின் வெற்றியையும் அவர் கண்ணால் காணவில்லை! ஆசிரியப் பணியின் இயல்பே இதுதான் போலும்.

பெற்றோர்களே, பிள்ளைகள் சலிப்பான பயிற்சி என்று முறையிட்டால் உடனே நிறுத்திவிடாதீர்கள். ஆசிரியர்களே, அப்பயிற்சி எதற்கென்று சொல்லிக் கொடுங்கள். நானும் அந்த மாணவிக்கு முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அவள் கேட்ட பிறகே என் தவறு புரிந்தது.

இப்போது அவள் முளைகளை எண்ணுவதோடு, முளைக்காத பயறுகளையும் தனியே எண்ணி எழுதுகிறாள். நான் சொல்லிக் கொடுத்தது அன்று அது!

சிந்திப்போம்.