திறந்த மூல மென்பொருள்: நிரல் எழுதாதோரின் பங்களிப்பு பதிவாவது எப்படி?

கணினித் திரையில் 'சேமி', 'நீக்கு', 'அமைப்புகள்' என்று தமிழில் தோன்றும் ஒவ்வொரு சொல்லையும் யாரோ ஒருவர் மொழிபெயர்த்திருக்கிறார். ஃபயர்பாக்ஸ் உலாவி, லிப்ரே ஆபிஸ், விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி போன்ற திறந்த மூல மென்பொருள்களில் இப்பணியைப் பெரும்பாலும் தன்னார்வலர்களே மேற்கொள்கின்றனர். எனினும், அம்மென்பொருள்களின் பங்களிப்பாளர் பட்டியலில் அவர்களின் பெயர் இடம்பெறும் என்ற உறுதி இல்லை.

பெயர் விடுபடுவது ஏன்?

திறந்த மூலத் திட்டங்களில் பெரும்பாலானவை, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ஆம் ஆண்டு உருவாக்கிய 'கிட்' என்ற கருவியைப் பயன்படுத்துகின்றன. நிரலில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும், அதைச் செய்தவரின் பெயர் மற்றும் தேதியுடன் அது பதிவு செய்கிறது. கிட்ஹப் தளம் ஒரு திட்டத்தின் பங்களிப்பாளர்களாகக் காட்டும் பட்டியல் இந்தப் பதிவுகளிலிருந்தே தொகுக்கப்படுகிறது.

மென்பொருளில் உள்ள வழுவைக் கண்டறிந்து தெரிவித்தவர், சின்னத்துக்கு வடிவம் தந்தவர், புதிய பயனர்களின் ஐயங்களைத் தீர்ப்பவர் ஆகியோரின் உழைப்பு இப்பதிவில் பெரும்பாலும் சேர்வதில்லை. மொழிபெயர்ப்பிலும் இதே நிலை உண்டு. தனி இணையக் கருவியில் பலர் மொழிபெயர்த்த வரிகளை ஒருவர் மொத்தமாகப் பதிவேற்றும்போது, அந்த மாற்றம் பதிவேற்றியவரின் பெயரிலேயே அமைந்துவிடக்கூடும்.

உரிமங்களும் இக்குறையைத் தீர்ப்பதில்லை. எம்ஐடி போன்ற உரிமங்கள் பதிப்புரிமைக் குறிப்பை நீக்கக் கூடாது என்று வலியுறுத்துகின்றன. ஆனால், திட்டத்துக்கு உதவிய அனைவரின் பெயரையும் வெளியிட வேண்டும் என்று அவை கோருவதில்லை.

மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு வரி

லினக்ஸ் கணினிகளில் பயன்படும் குனோம் மென்பொருள்களில், மொழிபெயர்க்க வேண்டிய வரிகளுக்கு இடையே 'டிரான்ஸ்லேட்டர்-கிரெடிட்ஸ்' என்ற வரியும் இடம்பெறுகிறது. அதை மொழிபெயர்க்காமல், பணியாற்றியவர்கள் தங்கள் பெயர்களை அங்கே எழுத வேண்டும். அப்பெயர்கள் மென்பொருளின் 'பற்றி' என்ற பகுதியில் பயனருக்குத் தெரியும். அந்த வரியை நிரப்பாமல் விட்டால் பெயர்களும் தோன்றா. கேடிஇ மென்பொருள்களிலும் இதற்கென வரிகள் உள்ளன.

மீடியாவிக்கியின் தமிழ்ச் சொற்கள் 'டிரான்ஸ்லேட்விக்கி' தளத்தில் மொழிபெயர்க்கப்படுகின்றன. ஒவ்வொரு மொழிக் கோப்பின் தொடக்கத்திலும் மொழிபெயர்த்தவர்களின் பயனர் பெயர்கள் சேர்க்கப்படுகின்றன. இருப்பினும், அக்கோப்பில் அவற்றைக் காண அதைத் திறந்து பார்க்க வேண்டும்.

பிற வழிமுறைகள்

லினக்ஸ் கருநிரலில், வழுவைத் தெரிவித்தவரின் பெயர் 'ரிப்போர்ட்டட்-பை' என்றும், சோதித்தவரின் பெயர் 'டெஸ்டட்-பை' என்றும் மாற்றக் குறிப்பிலேயே எழுதப்படுகின்றன. இதனால் அவர்களின் பெயர் நிரல் வரலாற்றின் நிலையான பகுதியாகிறது.

மென்பொருள் பொறியாளர் கென்ட் சி. டாட்ஸ் தொடங்கிய 'ஆல் கான்ட்ரிபியூட்டர்ஸ்' என்ற நெறிமுறை, ஆவணம், மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, வழு அறிக்கை எனப் பணிகளை வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எமோஜியை ஒதுக்கியுள்ளது. பங்களிப்பாளரின் பெயருக்குக் கீழ், அவர் செய்த பணிகளுக்குரிய எமோஜிகள் திட்டத்தின் முகப்பு ஆவணத்தில் இடம்பெறும். வேர்ட்பிரஸ் மென்பொருளும் தனது நன்றிப் பட்டியலில், பயனர் தேர்ந்தெடுத்த மொழியின் மொழிபெயர்ப்பாளர்களைக் காட்டுகிறது.

பெயரும் உரிமையும்

டெபியன் திட்டம் இதில் மேலும் ஒரு படி சென்றது. நிரல் பொதிகளைப் பராமரிக்காத பங்களிப்பாளர்களையும் முழு உறுப்பினர்களாக ஏற்பதற்கு 2010-ஆம் ஆண்டு நடைபெற்ற பொது வாக்கெடுப்பில் அதன் உறுப்பினர்கள் ஆதரவு அளித்தனர். இதன்மூலம் மொழிபெயர்ப்பாளர்களும் ஆவண எழுத்தாளர்களும் திட்டத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமையைப் பெற வழி ஏற்பட்டது. குனோம் அறக்கட்டளையும் நிரல் சாராத பங்களிப்பின் அடிப்படையில் உறுப்பினர் தகுதி வழங்குகிறது.

வேலை தேடும் இளைஞர்களுக்கு இத்தகைய பதிவு, செய்த பணியை மற்றவர்கள் சரிபார்க்கக்கூடிய சான்றாக அமைகிறது. பெயர் இல்லாதபோது, பல மாத உழைப்பைக்கூட நிரூபிப்பது கடினமாகிவிடுகிறது.

அதேவேளையில், எல்லோரும் தங்கள் பெயர் வெளியாவதை விரும்புவதில்லை. மோசில்லாவின் 'காமன் வாய்ஸ்' திட்டத்துக்குத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் குரல் வழங்குவோரின் தனியுரிமையைக் காக்க, குரல் தொகுப்பு அவர்களின் பெயர்கள் இன்றியே வெளியிடப்படுகிறது. எனவே, ஒருவரின் பெயரைச் சேர்க்கும் முன் அவரது ஒப்புதலைப் பெறுவது அவசியமாகிறது.

நிரல் எழுதுவோரின் பெயரைக் கருவியே பதிவு செய்துகொள்கிறது. மற்றவர்களின் பெயர் பதிவாக வேண்டுமெனில், அதற்கான இடத்தைத் திட்டத்தை நடத்துவோர் ஒதுக்க வேண்டும். அவ்விடம் இருக்கும்போது, அதை நிரப்பப் பங்களிப்பாளர்களும் தவறக் கூடாது.