ரெம்பிராண்டின் வலம்புரி

2019ஆம் ஆண்டு ஒல்லாந்து நாட்டில் 'ரெம்பிராண்டு ஆண்டு' எனக் கொண்டாடப்பெற்றது. ஓவியர் ரெம்பிராண்டு 1669ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் நகரில் காலமானார். அவர் மறைந்து 350 ஆண்டுகள் நிறைவெய்தியதை முன்னிட்டு, அந்நகரத்து ரைக்ஸ் அரும்பொருட் காட்சிச்சாலை தன்னிடமிருந்த அவருடைய 22 வண்ண ஓவியங்களையும், 60 கோட்டுச் சித்திரங்களையும், 300க்கு மேற்பட்ட அச்சுப் படங்களையும் ஒருசேர மக்கள் பார்வைக்கு வைத்தது. அவ்வாண்டிலேயே, அவர் 1642இல் தீட்டிய 'இரவுக் காவல்' என்னும் பேரோவியத்தைக் கண்ணாடிக் கூடம் ஒன்றினுள் வைத்து, பார்ப்போர் கண்முன்னேயே ஆராய்ந்து செப்பனிடும் பணியும் தொடங்கிற்று.

எங்கோ வடகடல் ஓரத்தில் நடந்த விழாவைப் பற்றித் தூத்துக்குடிக்காரன் ஒருவன் பேச வேண்டியது என்ன என்று மாணவர்கள் கேட்கலாம். என்னைப் பேசத் தூண்டியது அந்தப் பேரோவியமன்று. என் உள்ளங்கையில் அடங்கிவிடக் கூடிய ஒரு சிறு அச்சுப் படம். 1650ஆம் ஆண்டில் ரெம்பிராண்டு செய்தது. அதிலே மனிதர் இல்லை, மாளிகை இல்லை, மரமும் இல்லை. கரும்பின்னணியில் ஒரே ஒரு கடற்சிப்பி கிடக்கிறது. கூம்பு வடிவம், உடலெங்கும் கருமையும் வெண்மையுமாகச் சலவைக்கல் போன்ற புள்ளிகள். ஒல்லாந்தின் குளிர்ந்த கடலில் இச்சிப்பி வாழ்வதில்லை. இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக் கடலிலும் வாழ்வது. நச்சு முள் உடையது. கப்பலேறி ஆம்ஸ்டர்டாம் சேர்ந்த கீழ்த்திசைப் பொருள்களுள் அதுவும் ஒன்று. ரெம்பிராண்டுக்கு இத்தகைய பொருள்களின்மீது தீராத ஆசை. சிப்பிகள், பவளக் கொடிகள், இந்தியச் சிற்றோவியங்கள் என்று வீடு நிறையச் சேர்த்து வைத்திருந்தார். முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து அவர் வரைந்த சித்திரங்கள் இருபதுக்கு மேல் இன்றும் உள்ளன.

இப்படம் அச்சான முறையைச் சற்றுச் சொல்ல வேண்டும். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, திராவகத்தில் இட்டால், கீறிய இடம் மட்டும் அரிக்கப்படும். அப்பள்ளங்களில் மை நிரப்பிக் காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் பதியும். ஆனால் இடமும் வலமும் மாறிப் பதியும். அஞ்சலகத்து முத்திரையில் எழுத்துகள் தலைமாறி வெட்டப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரெம்பிராண்டு தம் பெயரையும் ஆண்டையும் தகட்டில் தலைமாற்றி எழுதினார். அவை காகிதத்தில் நேராகவே விழுந்தன. சிப்பியை மட்டும் கண்ணால் கண்டவாறே கீறிவிட்டார். ஆகவே அச்சில் அதன் சுழற்சி இயற்கைக்கு மாறாக அமைந்துவிட்டது. மறந்தாரோ, பொருட்படுத்தாமல் விட்டாரோ! எனக்கென்னவோ, அழகாக அமைந்த வடிவத்தைக் கலைக்க அவருக்கு மனம் வரவில்லை என்றே தோன்றுகிறது.

இந்தப் படத்தின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரு மாலைப் பொழுதில், எங்கள் ஊர்க் கடற்கரையை அடுத்த தெருவில் வாழும் முதியவர் ஒருவரிடம் சென்றேன். அவர் ஆயுள் முழுதும் சங்கு குளித்தவர். 1961இல் தூத்துக்குடியில் கடைசியாக நடந்த முத்துக்குளிப்பின்போது, சிறுவனாகத் தம் தந்தையாரின் தோணியில் சென்றவர். நான் அச்சு முறையையோ ஓவியர் பெயரையோ சொல்லவில்லை. தாளை வாங்கினார், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

"இது சங்கு இனமில்லை, வாத்தியாரையா. ஆனால் புரி வலம்புரி. இந்தச் சாதியில் வலம்புரி நான் கண்டதே இல்லையே! எந்தக் கடலில் எடுத்தார்கள்?" என்றார்.

நூல்களில் நான் படித்தறிந்ததை அவர் கண் ஒரு கணத்தில் கண்டுவிட்டது. நம் கடலில் கிடைக்கும் சங்குகள் ஏறத்தாழ எல்லாமே இடம்புரி. இலட்சத்தில் ஒன்றாக வலம்புரி கிடைத்தால் அது பொன்விலை பெறும். அவ்வேற்றுமையை அறிவதே அவருக்குச் சோறிட்ட கல்வி. விவரத்தைச் சொன்னேன். "அப்படியானால் கடல் கொடுத்த வலம்புரி இல்லை, கை கொடுத்த வலம்புரி" என்று சிரித்தார்.

இனி 1658ஆம் ஆண்டுக்கு வருவோம். கடனில் மூழ்கிய ரெம்பிராண்டு அதற்கு ஈராண்டு முன்னரே தம் உடைமைகளையெல்லாம் நீதிமன்றத்தாரிடம் ஒப்படைத்துவிட்டார். சிப்பிகளும் சித்திரங்களும் பட்டியலிடப்பெற்று ஏலம் போயின. 1658இல் அவர் வாழ்ந்த வீடும் ஏலத்தில் விற்கப்பட்டது. அதே ஆண்டில்தான் தளபதி ரைக்லோஃப் வான் கூன்ஸ் தலைமையில் ஒல்லாந்தர் படை போர்ச்சுகீசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றியது. இரண்டும் ஒன்றுக்கொன்று காரணமானவை அல்ல. ஆயினும் ஓவியரின் வீட்டை நிறைத்த சிப்பிகளும், வான் கூன்சின் கப்பல்களும் ஒரே வாணிகக் கம்பெனியின் பாதையில் சென்றவை என்பதை மறத்தற்கில்லை.

கம்பெனி தூத்துக்குடிக்கு ஆசைப்பட்டது துணிக்காகவும் முத்துக்காகவும். கம்பெனிக்காரர் எவரும் கடலில் குதித்ததில்லை. குளிப்பவர் காலைக் கட்டி இறக்கும் கல்லுக்கு இவ்வளவு என்று வரி வாங்கினார்கள். எத்தனை கல்லோ அத்தனை வரி. மதுரை நாயக்கருக்கென்று சில கற்கள் வரியின்றி விடப்பட்டன. பங்குனி, சித்திரை மாதங்களில் கடல் அடங்கியிருக்கும்போது தோணிகள் 'பார்' எனப்படும் சிப்பித் திட்டுகளுக்குச் செல்லும். கல்லின் பாரத்தால் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் மூச்சடக்கி, கைக்கெட்டிய சிப்பிகளைப் பையில் வாரிக்கொண்டு கயிற்றை அசைத்தால், மேலே நிற்பவர் இழுத்துக்கொள்வார். ஒரு நாளில் பன்முறை இவ்வாறு. மூக்கிலும் காதிலும் குருதி வருவதுண்டு. சுறாமீனின் வாயைக் கட்டுவதாகச் சொல்லிக் கரையில் மந்திரம் செபித்த 'கடல்கட்டி'க்கும் ஒரு பங்கு உண்டு. சில ஆண்டுகள் நல்ல விளைச்சல். பிறகு பல ஆண்டுகள் பார்களில் சிப்பியே இராது. 1825இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துச் செல்லும்வரை இந்த ஏற்ற இறக்கம் ஓயவில்லை. 1750இல் அவர்கள் எழுப்பிய தேவாலயம் இன்றும் கடற்கரைச் சாலையில் நிற்கிறது.

ரெம்பிராண்டு 1634இல் தீட்டிய ஊப்யென் என்னும் செல்வச் சீமாட்டியின் முழு உருவப் படம் ஒன்று உண்டு. கரிய பட்டாடை, கழுத்தில் முத்துவடம். அதையும் அவள் கணவனின் படத்தையும் ஒல்லாந்தும் பிரான்சும் கூடி 2016இல் 16 கோடி யூரோவுக்கு வாங்கின. அம்முத்து நம் கடலது என்று நான் உரிமை கொண்டாடப் போவதில்லை. பாரசீக வளைகுடாவிலும் முத்து விளைந்தது. எக்கடலாயினும், அதை எடுத்தவர் ஒருவர் மூச்சடக்கி இறங்கியே எடுத்திருப்பார். அவருடைய முகத்தை எந்த ஒல்லாந்து ஓவியரும் அத்தகைய கவனத்தோடு தீட்டிச் சுவரில் மாட்டவில்லை. அக்காட்சிச்சாலையே 2021இல் அடிமை வாணிகத்தைப் பற்றிக் கண்காட்சி அமைத்தபோது, ஊப்யெனின் படத்தை அதில் வைத்து, அவள் குடும்பத்துச் செல்வம் கரும்புச் சர்க்கரை வழியாக அடிமைகளின் உழைப்பிலிருந்து வந்ததை எடுத்துக்காட்டிற்று. கொண்டாட்டம் முடிந்து ஈராண்டுக்குள் அதே சுவர்களுக்குள் இக்கேள்வி எழுந்ததை நான் பெருமையாகவே கருதுகிறேன். நம் ஊர்க் காட்சிச்சாலைகளும் தம் முத்துப் பெட்டிகளுக்கு அருகில் அக்கேள்வியை எழுதி வைக்கலாம்.

முதியவரிடம் இவற்றையெல்லாம் ஒரு கதைபோலச் சொன்னேன். ஏலத்தையும், 16 கோடியையும் கேட்டுக்கொண்டிருந்தவர், "எடுத்தவனுக்கு என்ன கொடுத்தார்களாம்?" என்று மட்டும் கேட்டார். நான் பேசாதிருந்தேன்.

தாளைத் திருப்பித் தருமுன் மீண்டும் ஒருமுறை உற்று நோக்கினார். சிப்பியின் விளிம்பு நெடுக விரலை ஓட்டினார்.

"எங்கும் சிதைவில்லை பாருங்கள். பாறையில் மோதாமல், பையில் மற்றதோடு உரசாமல் கொண்டுவந்திருக்கிறான். நல்ல குளியாள்" என்றார்.