கரைவலைக் கயிறும் காதற் பாட்டும்

காதல் குலமும் பொருளும் பார்ப்பதில்லை என்று மேடைகளிலே பேசுகிறோம். பழம்பாட்டுகளோ, காதலுக்கு நடுவே நின்ற குலத்தையும் பொருளையும் வெளிப்படையாகவே கூறின. பின்வந்தோர்தாம் அவற்றை மூடி மறைத்தனர்.

புத்தளம் மாவட்டத்து உடப்புக் கரையில் கரைவலை இழுப்போர் பாடுவது அம்பாப் பாட்டு. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, கயிறு பிடித்தோர் அனைவரும் தொடர்ந்து பாடுவர். தெய்வமும் காதலும் கேலியும் அதில் கலந்து வரும். வலை சம்மாட்டியுடையது, இழுக்கும் கை மட்டுமே பாடுவோருடையது.

நெய்தல் நிலத்தின் ஏற்றத்தாழ்வைச் சங்கப் புலவரும் கண்டனர். நற்றிணையின் 45ஆம் பாட்டிலே, தேரேறி வந்த செல்வர் மகன் பரதவர் மகளை விரும்புகிறான். தோழி இருவர் நிலையையும் எதிரெதிரே வைக்கிறாள். அவன் அங்காடிகள் நிறைந்த மூதூரினன். இவளோ மீன் உலர்த்திப் புள் ஓட்டுபவள். தங்கள்மீது புலால் நாறுவதையும் அவள் மறைக்கவில்லை. கடல் தரும் தம் சிறுவாழ்வு அவன் வாழ்வோடு ஒவ்வாது. ஆயினும் தலைமையுடையோர் தம்முள்ளும் உண்டு என்கிறாள். இது தலைவனைச் சேட்படுத்தும் துறைதான். எனினும் அவள் சுட்டும் வேற்றுமை மெய்யானது. அவள் பெருமிதமும் மெய்யானது.

கதைப்பாடல்களுக்கு நேர்ந்தது வேறு. பாளையக்காரர் மகள் பொம்மியை மணந்த மதுரைவீரன் அருந்ததியர் வீட்டுப் பிள்ளை. அவனைக் காசியரசன் மகனாக்கினர். ஆரியமாலையை விரும்பிய காத்தவராயன் சிவன் மகனானான். முத்துப்பட்டன் என்னும் பார்ப்பன இளைஞன் மணந்த அருந்ததியப் பெண்கள் இருவருக்கும் பார்ப்பனப் பிறப்புக் கற்பிக்கப்பட்டது. இது பின்னர்ச் சேர்த்த ஒட்டு என்பதை நா. வானமாமலை எடுத்துக்காட்டினார். 1956இல் வெளிவந்த 'மதுரைவீரன்' திரைப்படமும் அரசகுமாரன் கதையையே ஏற்றது.

இந்த ஒட்டுகள் செய்த வேலை யாது? தடை தவறென்று அவை கூறவில்லை. தடையை மீறியவரே இல்லை என்று கூறிவிட்டன. உயர்குலத்தான் உயர்குலத்தாளை மணந்தால் சாதிக்கு என்ன குறை? ஆயினும் கழுமரத்தை அவர்களால் அகற்ற இயலவில்லை. ஈழத்து வடபுலத்தில் காத்தவராயன் கூத்து ஆடப்படும் இரவுகளில், கழுவேற்றக் காட்சிக்காக மக்கள் விழித்திருக்கின்றனர். தெய்வமகன் என்று கதை சொன்னாலும், அவர்கள் கண்ணீர் தம்முள் ஒருவனுக்கே.

நற்றிணையை வகுப்பறையில் கற்பிக்கும் நாம் அம்பாப் பாட்டை அதன் அருகே வைக்க வேண்டும். கயிறு பிடித்த கையின் பாட்டை, ஒட்டு விழுமுன், அவர்தம் சொல்லிலேயே எழுதிவைப்பது நம் கடன்.