உடையாமலே சுருங்கிய மணற்கல்

இன்னைக்கு குவார்ட்சைட் பத்திப் பேசலாம். மணற்கல் பூமிக்கு அடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறினால் கிடைக்கிற பாறை இது. சுத்தியலால் அடித்தால் மணிகளைச் சுற்றி உடையாது, மணிகளுக்குள்ளேயே பிளக்கும். அவ்வளவு இறுக்கம். உருகி ஒட்டியிருக்குமோன்னு தோணும். ஆனா குவார்ட்ஸ் உருகுற அளவுக்கு அங்கே சூடு இருந்ததில்லை.

இதுக்கான பதிலுக்கு வழி போட்டவர் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஹென்றி கிளிஃப்டன் சோர்பி. பாறையை ஒளி ஊடுருவுற அளவுக்கு மெல்லிசா தேய்ச்சு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். மலையை மைக்ரோஸ்கோப் வச்சு ஆராய்வதான்னு அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். சுண்ணாம்புக் கூழாங்கற்கள் சிலவற்றில், ஒன்று அழுத்தி இன்னொன்றில் குழி விழுந்திருந்தது. விரிசல் மட்டும் இல்லை. அப்போ அந்த இடத்துக் கல் எங்கே போச்சு? 1863-ல் சோர்பி சொன்னார்: அழுத்தத்தில் கரைஞ்சு போச்சு. உப்புகளை அழுத்தத்தில் கரைத்துப் பார்த்த சோதனைகளும் அவர் கையில் இருந்தன.

மணற்கல்லிலும் இதே கதைதான். மணிகள் முட்டும் இடத்தில் அழுத்தம் அதிகம். அங்கே குவார்ட்ஸ் மெல்லிய நீர்ப்படலத்தில் கரைந்து, நகர்ந்து, அழுத்தம் குறைந்த பக்கத்தில் மறுபடி படியும். கரையாத மைக்கா கருங்கோடுகளாகத் தங்கிவிடும். மணி ஒண்ணுகூட உடையாமல் பாறை ஒரு பக்கம் சுருங்கும். படலத்தில் நகர்வதுதான் வேகத்தைத் தீர்மானிக்குதுன்னா, மணியின் அளவு பாதியானால் சுருங்கும் வேகம் எட்டு மடங்கு.

சிக்கல் எங்கேன்னா, புதுசாகப் படிந்ததும் அதே குவார்ட்ஸ்தான். சாதாரண மைக்ரோஸ்கோப்பில் பழைய மணி எது, புது ஒட்டு எதுன்னு பிரிப்பது கஷ்டம். 1960-களில் எலக்ட்ரான் கற்றை பட்டு மணிகள் ஒளிர்வதைப் பார்த்தபோதுதான் ரெண்டும் வேற வேற நிறத்தில் தெரிஞ்சது. கரைந்து பிணைந்ததுன்னு நினைத்த சில இடங்களில் மணிகள் தொடவே இல்லை. நடுவே சிலிக்கா நிரம்பியிருந்தது, அவ்வளவுதான்.

இது சின்ன விஷயமில்லை. மணியின் உருவத்தை மட்டும் அளந்து மலை எவ்வளவு நசுங்கியதுன்னு சொன்னால் கணக்கு தப்பும். கரைஞ்சு போனதையும் கணக்கில் எடுக்கணும். மைக்ரோஸ்கோப்பில் மலையைப் பார்த்தவர் சரியாத்தான் பார்த்தார்.