பல்லவி இல்லாத இசை

இசைத்தட்டுகளைச் சேர்த்து வைப்போர் நம் நாட்டில் அநேகர் இருக்கிறார்கள். அவர்களுடைய அலமாரியைத் திறந்தால் திரைப்படத் தட்டுகளே மிகுந்திருக்கும். அவற்றுள்ளும் பாடல்களே மிகுந்திருக்கும். திரையில் ஒருவரும் பாடாதபொழுது, பேச்சின் அடியிலும் மௌனத்தின் நடுவிலும் ஓடிக்கொண்டிருக்கிறதே ஓர் இசை, அதனைத் தேடி வாங்குவோர் மிகச் சிலரே. அச்சிலருள் தாமும் ஒருவராக விரும்பும் நேயர் முதலில் எவற்றைச் சேர்க்கலாம் என்பதை இங்கே கூற முற்படுகிறோம்.

பாட்டுக்குப் பல்லவி உண்டு. அதைக் குறிப்பிட்டு வானொலிக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினால் போதும். 1957 அக்டோபர் 3-ஆம் நாள் விவித் பாரதி தொடங்கிய காலந்தொட்டு எண்ணற்ற நேயர்கள் இவ்வாறு எழுதித் தம் விருப்பப் பாடலைக் கேட்டு மகிழ்ந்திருக்கிறார்கள். பின்னணி இசைக்கோ பல்லவி இல்லை. பெரும்பாலும் பெயரும் இல்லை. எதைச் சொல்லிக் கேட்பது? கேட்பாரற்ற பொருளுக்குக் காப்பாரும் இல்லாமற் போவது உலக இயல்பு. ஆகவே இத்துறையில் தட்டுச் சேர்ப்பவர் தம்மையறியாமலே ஒரு காவற் பணியை மேற்கொள்கிறார். இவ்வெண்ணத்தை மனத்திற் கொண்டே நம் பட்டியலை அமைத்திருக்கிறோம்.

பேசாப் படக் காலத்தில் அரங்கிலேயே பியானோவோ சிறு வாத்தியக் குழுவோ அமர்ந்து வாசிப்பது வழக்கம். ஒரே படத்துக்கு ஊருக்கு ஊர் இசை மாறும். ஒரு குறிப்பிட்ட படத்துக்கென்றே பெரும்புகழ் வாய்ந்த இசைஞர் ஒருவர் இசை எழுதியதற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று, 1908-இல் பாரிஸ் நகரில் காட்டப்பெற்ற 'கீஸ் கோமகனின் படுகொலை' என்னும் பிரெஞ்சுப் படம். இசை எழுதியவர் காமில் ஸேன்-ஸான்ஸ். அப்பொழுது அவருக்கு வயது 73. படம் சுமார் கால் மணி நேரமே ஓடுவது. ஆயினும் அவ்விசையைத் தனி உருப்படியாக அச்சிட்டு வைத்தமையால் அதனை இன்றும் வாசிக்கிறார்கள், தட்டிலும் கேட்கலாம். நம் பட்டியலின் முதலிடத்தை இதற்கே அளிக்கிறோம்.

படம் பேசத் தொடங்கியபின் ஒரு விசித்திரமான தயக்கம் எழுந்தது. காட்டின் நடுவே வாத்தியங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்பவர் கேட்பாரே எனப் படம் எடுப்போர் அஞ்சினர். அந்த அச்சத்தைப் போக்கிய படங்களுள் தலையாயது 1933-இல் வெளிவந்த 'கிங் காங்'. வியன்னாவிற் பிறந்த மாக்ஸ் ஸ்டைனர் இதற்கு இசை அமைத்தார். புதிய இசை வேண்டாம், இருக்கும் பழைய இசையையே ஒட்டிவிடலாம் என்று படநிறுவனத்தார் கூறினர் என்றும், தயாரிப்பாளர் கூப்பர் தாமே செலவை ஏற்பதாக முன்வந்தார் என்றும் ஸ்டைனர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். திரையிலே தெரிவது ஒரு பொம்மைக் குரங்கு. அதற்கு உயிரும், அச்சமும், இறுதியில் நம் இரக்கமும் கிடைத்தது பெரிதும் இசையினாலேயே.

அடுத்தது 1938-ஆம் ஆண்டின் 'ராபின் ஹூட்'. எரிக் வொல்ஃப்காங் கோர்ன்கோல்டு இளமையிலேயே வியன்னாவில் மேதை எனப் பெயர் பெற்றவர், யூத மரபினர். இப்படத்துக்கு இசை அமைக்க வருமாறு ஹாலிவுட்டிலிருந்து அழைப்பு வரவே, 1938 தொடக்கத்தில் அமெரிக்கா சென்றார். அவ்வாண்டு மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் புகுந்தது. ஒரு படத்தின் இசை அதை எழுதியவரின் உயிரையே காத்தது என்று கூறின் மிகையாகாது. அவ்விசைக்கு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. அவ்வாண்டு மே மாதத்தில் கோர்ன்கோல்டே வாத்தியக் குழுவை நடத்த, படத்தில் நடித்த பேஸில் ராத்போன் கதை சொல்ல, அவ்விசை அமெரிக்க வானொலியில் ஒலிபரப்பாயிற்று. படத்தின் இசை படத்தை விட்டு வெளியேறித் தனித்து நிற்க வானொலியும் துணைசெய்தது என்பதில் நமக்குப் பெருமிதம் உண்டு.

இதே கொடுங்காலத்தில் இந்தியாவிலும் ஒருவர் கரை ஒதுங்கியிருந்தார். வால்டர் காஃப்மன் என்னும் யூத இசைஞர் 1934-இல் பிராகாவிலிருந்து பம்பாய் வந்து சேர்ந்தார். பவ்நானியின் படங்களுக்கு இசை அமைத்தார். பின்னர் வானொலியின் பம்பாய் நிலையத்தில் பல ஆண்டுகள் பணியாற்றினார். தம்பூரா ஒலியின்மேல் வயலின் எழும் ஆகாசவாணியின் விடியற்கால அடையாள இசையை ஆக்கியவர் அவரே. அதனைக் கேட்டு விழித்த தலைமுறைகள் பல. அவர் பெயரை அறிந்தவர் சிலர். பல்லவி இல்லாத இசையின் நிலை இதுவே.

நம் பட்டியலின் நான்காவது உருப்படி நமக்கு நெருங்கிய உறவுடையது. மைசூருக்கு அருகே காராபூரில் யானைப்பாகர் ஒருவரின் மகனாகப் பிறந்த சாபு, 1937-இல் வெளிவந்த 'யானைச் சிறுவன்' படத்தால் உலகப் புகழ் அடைந்தார். 1942-ஆம் ஆண்டின் 'ஜங்கிள் புக்' படத்தில் மௌக்ளியாக நடித்தவரும் அவரே. இதற்கு இசை அமைத்த மிக்லோஷ் ரோஷா ஹங்கேரி நாட்டவர். படத்தின் இசையைத் தொகுத்து, சாபுவின் குரலில் கதையையும் இணைத்து, 1943-இல் ஆர்.ஸி.ஏ. விக்டர் நிறுவனம் 78 சுற்றுத் தட்டுகளாக வெளியிட்டது. அமெரிக்கப் படமொன்றின் பின்னணி இசை தட்டுத் தொகுதியாக விற்பனைக்கு வந்தது இதுவே முதன்முறை என்று பொதுவாகக் கருதுகிறார்கள். அத்தொகுதியிற் கேட்கும் குரல் ஒரு கன்னட நாட்டுப் பாகன் மகனுடையது.

அதுவரை ஏன் தட்டுகள் வரவில்லை என்று நேயர் வினவலாம். 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கம் நாலைந்து நிமிடத்துக்குமேல் கொள்ளாது. பாட்டு அதில் அடங்கும். ஒரு மணி நேரம் ஓடும் பின்னணி இசை அடங்காது. 1948-இல் நெடுநேரம் ஓடும் எல்.பி. தட்டு வந்தபிறகே இத்துறைக்கு வழி திறந்தது. ஸெர்கேய் புரொகோஃபியெவ், ஐஸன்ஸ்டைனின் 'அலெக்ஸாந்தர் நெவ்ஸ்கி' (1938) படத்துக்கு எழுதிய இசை மிக உயர்ந்தது. ஆனால் படத்தில் அது பதிவாகியுள்ள முறை மிகவும் குறைபாடுடையது. நல்வினையாக அவரே 1939-இல் அதனைக் குரலும் வாத்தியமும் கலந்த ஏழு பகுதிகளாகத் திருத்தி அமைத்தார். படத்தின் ஒலியை நாடாமல் அவ்வமைப்பின் நல்ல பதிவொன்றை வாங்குமாறு பரிந்துரைக்கிறோம்.

பெரிய வாத்தியக் குழு இருந்தாற்றான் இசை சிறக்கும் என்பதில்லை. 1949-ஆம் ஆண்டின் 'மூன்றாம் மனிதன்' படத்துக்கு, வியன்னாவின் மதுச்சாலைகளில் வாசித்து வந்த ஆன்டன் காராஸ் என்பவர், ஜிதர் என்னும் தந்தி வாத்தியம் ஒன்றை மட்டுமே கொண்டு இசை அளித்தார். போரில் சிதைந்த அந்நகரின் குறும்பும் துயரமும் அந்த ஒற்றை வாத்தியத்தில் ஒலிக்கின்றன.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' 1955-இல் வெளிவந்தது. அதன் இசையைப் பண்டித ரவிசங்கர், படத்தின் ஒரு பகுதியை மட்டுமே பார்த்து, ஒரே இரவில் அமைத்துப் பதிவு செய்தார். பொழுது போதாமையால் விடுபட்ட இடங்களும் இருந்தன. மிட்டாய்க்காரர் பின்னே குழந்தைகள் செல்லும் காட்சிக்கு ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவே சிதார் வாசித்தார். மகள் இறந்த செய்தியைக் கணவனுக்குச் சொல்ல வாயெடுக்கும் தாய் கதறி அழுகிறாள். அவளுடைய குரலை நாம் கேட்பதில்லை. அதற்குப் பதிலாகத் தார் ஷெனாயின் உச்ச ஸ்வரங்கள் பட்தீப் ராகத்தில் பீறிடுகின்றன. அந்த இடத்தில் பின்னணி இசை பின்னணியில் நிற்பதில்லை. அதுவே தாயின் குரலாகி விடுகிறது. இவ்விசையின் முதன்மைப் பண்ணை விரித்து ரவிசங்கர் வாசித்த பதிவு 1962-இல் 'இம்ப்ரொவைஸேஷன்ஸ்' என்னும் எல்.பி. தட்டில் வெளியாயிற்று. அதனைச் சேர்க்காத தொகுப்பு நிறைவுடையதாகாது.

இதனோடு இணைத்துக் கேட்கத்தக்கது, 1957 டிசம்பர் 4-ஆம் நாள் இரவு பாரிஸில் மைல்ஸ் டேவிஸ் செய்த பதிவு. லூயி மாலின் படக் காட்சிகளைத் திரையில் ஓடவிட்டு, அவற்றைப் பார்த்தவாறே அவரும் குழுவினரும் மனோதர்மமாக வாசித்தனர். இரு வேறு நாடுகளில், இரு வேறு மரபுகளில், ஓரிரவில் பிறந்த இவ்விரு இசைகளும் சுரப்படுத்தி எழுதும் முறைக்கு அப்பாற்பட்டவை. பதிவு இல்லையேல் அவை இல்லை.

1960-ஆம் ஆண்டின் 'ஸைக்கோ' பற்றியும் ஒரு சொல். குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றிருந்தார் டைரக்டர் ஹிட்ச்காக். பெர்னார்டு ஹெர்மன் வயலின் குடும்பத்துத் தந்தி வாத்தியங்களை மட்டுமே கொண்டு எழுதிக் காட்டியதும் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். ஹெர்மன் 1975-இல் லண்டனில் இவ்விசையை மீண்டும் பதிவு செய்தார். அது படத்தில் உள்ளதைவிடச் சற்று நிதானமான காலத்தில் நடப்பது. எனவே படத்தில் கேட்ட அதே பதிவு என எண்ணி வாங்குதல் கூடாது.

இனிக் கூறப்போவது வருத்தம் தரும் செய்தி. 1960-களின் இறுதியில், உலகப் புகழ்பெற்ற எம்.ஜி.எம். நிறுவனத்தின் புதிய நிர்வாகத்தினர் இடம் வேண்டி, அங்கே பல்லாண்டுகளாகக் குவிந்திருந்த இசைச் சுவடிகளைக் குப்பையென ஒழித்துவிட்டனர். வாத்தியந்தோறும் தனித்தனியே எழுதிய தாள்கள் நிலத்தை நிரப்பும் பொருளாயின. பின்னாளில் ஜான் வில்ஸன் என்னும் ஆங்கில இசைஞர், எஞ்சிய குறிப்புகளைக் கொண்டும், படங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டும், இசைப்படங்கள் பலவற்றின் வாத்தியப் பகுதிகளை மறுபடி எழுதினார். 2009-இல் லண்டனில் அவற்றை அரங்கேற்றினார். அலட்சியத்தால் அழிந்ததை மீட்க ஒருவர் பல்லாண்டு உழைக்க வேண்டியதாயிற்று.

அழிவைக் கண்டு விழித்தவர்களும் உளர். 1972-இல் சார்லஸ் கெர்ஹார்ட், கோர்ன்கோல்டின் படவிசைகளை லண்டனில் புதிதாகப் பதிவு செய்து 'தி ஸீ ஹாக்' என்னும் தட்டை வெளியிட்டார்; தயாரிப்பாளர் கோர்ன்கோல்டின் மகன் ஜார்ஜ். அதனைத் தொடர்ந்து ஸ்டைனர், ஹெர்மன், ரோஷா ஆகியோருக்கும் தட்டுகள் வந்தன. புதிதாகத் தொடங்குவோர்க்கு இவ்வரிசையே சிறந்த நுழைவாயில். 1977-இல் ஜான் வில்லியம்ஸ் 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு அமைத்து, லண்டன் ஸிம்பொனி குழு வாசித்து, இரட்டைத் தட்டாக வெளிவந்த இசையை இதன்பின் கேட்டால், கோர்ன்கோல்டின் மரபு எவ்வாறு மீண்டும் தழைத்தது என்பது விளங்கும். 1982-இல் வந்த 'பிளேடு ரன்னர்' வேறொரு பாடம் புகட்டுகிறது. அவ்வாண்டு விற்பனைக்கு வந்த தட்டில் வாசித்தவர் வேறு குழுவினர். வாஞ்ஜெலிஸின் சொந்தப் பதிவு 1994-இலேயே வெளியாயிற்று. பொறுமையும் சேகரிப்போர்க்கு வேண்டிய குணமே.

நம் நாட்டு நிலைமை யாது? 1931 மார்ச்சில் வந்த முதல் இந்தியப் பேசும் படம் 'ஆலம் ஆரா'வின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. அதன் பாடல்களும் தட்டாக வெளிவரவில்லை. 1975-இன் 'ஷோலே'யின் வசனங்களுக்கே தனியே ஓர் எல்.பி. தட்டு வந்து பெரிதும் விற்றது. பேச்சுக்கும் பாட்டுக்கும் கிடைத்த அப்பேறு பின்னணி இசைக்கு அருமையாகவே வாய்த்தது. 2009-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளில் பாடலிசைக்கும் பின்னணி இசைக்கும் வெவ்வேறு விருதுகள் அளித்தனர். பின்னணி இசைக்கான விருதை மலையாளப் படம் 'பழசி ராஜா'வுக்காக இளையராஜா பெற்றார். மதிப்பு வந்துவிட்டது, காப்பும் வர வேண்டும். 1964-இல் புணேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் தோன்றியது. படம் பிழைத்தால் இசையும் பிழைக்கும் என்பது ஓரளவே உண்மை. படத்தில் அது பேச்சோடும் இரைச்சலோடும் கலந்தே கிடக்கிறது. தனித்த நாடாவும், எழுதிய சுரத்தாளும், அச்சிட்ட தட்டும் இருந்தாலன்றி அதன் முழு உருவம் கிட்டாது.

ஆகவே சேர்ப்போர்க்கு மூன்று சொல்லி முடிக்கிறோம். படத்தின் புகழைப் பார்த்து வாங்காமல் இசையைக் கேட்டு வாங்குங்கள். அசற்பதிவா மறுபதிவா, எந்த ஆண்டு, வாசித்தவர் யார் என்பதை உறையிலே குறித்து வையுங்கள். தட்டுகளை அடுக்கிப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். இன்று கைப்பேசியிலேயே ஆயிரம் இசை கேட்கலாம் என்பது மெய்தான். ஆயினும் எவரோ ஒருவர் தம் அலமாரியில் காத்து வைத்த பழைய பதிவே அங்கும் பல வேளைகளில் ஒலிக்கிறது. நாளை ஒருவர் தேடப்போகும் இசை இன்று உங்கள் வீட்டுப் பரணில் உறங்கிக் கொண்டிருக்கலாம். அதனை எறியுமுன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.