பாலித் இருக்கை: ஓர் இயற்பியல் பேராசிரியர் பதவியின் வரலாறும் தேனி மலைகளும்

1912இல் கல்கத்தா வழக்கறிஞர் சர் தாரக்நாத் பாலித், தாம் சம்பாதித்ததில் பெரும்பகுதியைக் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். பணமும் நிலமுமாக அதன் மதிப்பு சுமார் 15 லட்சம் ரூபாய். வேதியியலுக்கு ஒன்று, இயற்பியலுக்கு ஒன்று என இரண்டு பேராசிரியர் இருக்கைகளை அந்தச் சொத்தின் வருவாயில் நடத்த வேண்டும். அவற்றில் அமர்பவர்கள் இந்தியர்களாகவே இருக்க வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. அடுத்த ஆண்டு இன்னொரு வழக்கறிஞரான ராஷ்பிகாரி கோஷ் 10 லட்சம் கொடுத்தார். இந்த இருவர் பணத்தில்தான் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரிக்கு 1914 மார்ச் 27 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது.

அந்த நிபந்தனையை வெறும் வீறாப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. ஜகதீச சந்திர போஸ் 1885இல் பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தபோது ஆங்கிலேயருக்குத் தந்த சம்பளத்தை அவருக்குத் தரவில்லை. மூன்று ஆண்டுகள் சம்பளத்தையே தொடாமல் வேலை பார்த்தார். எடின்பரோவில் டாக்டர் பட்டம் பெற்று வந்த பிரபுல்ல சந்திர ராய்க்கு, பெரும்பாலும் ஆங்கிலேயர் வசமிருந்த உயர் கல்விப் பணியில் இடம் கிடைக்கவில்லை. மாகாணப் பணியோடு நிற்க நேர்ந்தது. இதெல்லாம் பாலித்தின் ஊரில் நடந்தவை. துணைவேந்தர் ஆசுதோஷ் முகர்ஜி அறிவியல் கல்லூரிக்காக அரசாங்கத்திடம் கேட்டுப் பார்த்தும் பணம் வரவில்லை. ஆகவே பேராசிரியர் யார், அவர் எதை ஆராய்வது என்பதில் அரசாங்கத்தின் கை படாத ஒரு பதவி, அடிமை நாட்டில், இரண்டு வக்கீல்களின் பீஸ் பணத்தில் உருவானது. பாலித் இயற்பியல் இருக்கையின் வரலாற்றில் முதன்மையானது இந்தச் சுதந்திரம்தான் என்பது இக்கட்டுரையின் கருத்து.

கல்கத்தா கதை கம்பம் பள்ளத்தாக்கில் எதற்கு என்று கேட்கலாம். அந்த இருக்கையிலிருந்து கிளம்பிய ஆராய்ச்சி மரபு, நூறாண்டு கழித்துப் போடி மேற்கு மலையடிவாரத்துப் பொட்டிப்புரம் வரை வந்து நின்றது. இந்த வழியில் நடுவே ஒரு வத்திராயிருப்புக்காரரும் இருக்கிறார்.

இயற்பியல் இருக்கைக்கு முகர்ஜி தேர்ந்தெடுத்தவர் பேராசிரியரே அல்ல, நிதித்துறை அதிகாரி. திருவானைக்காவலில் பிறந்து, சென்னைப் பிரசிடென்சி கல்லூரியில் படித்த சி.வி. ராமன், 1907இல் கல்கத்தாவில் கணக்குத் துறையில் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே, ஆபீசுக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெரு 210ஆம் எண்ணில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கத்தின் கூடத்தில் வீணை, வயலின், மிருதங்க ஒலிகளை ஆராய்ந்தவர். அவருக்கு வெளிநாட்டுப் படிப்பு கிடையாது. இருக்கையின் விதிகளோ வெளிநாட்டுப் பயிற்சியை எதிர்பார்த்தன. போய் வாருங்கள் என்றபோது ராமன் மறுத்துவிட்டார். முகர்ஜி ராமனை விடாமல் விதியைத் தளர்த்தினார். 1914இல் தொடங்கிய பேச்சு முடிந்து, வாங்கிய சம்பளத்தில் ஏறத்தாழ பாதிக்கு, 1917 ஜூலையில் ராமன் முதல் பாலித் இயற்பியல் பேராசிரியரானார். நன்கொடை கொடுத்தவரின் நிபந்தனையையும் விதியின் ஓட்டையையும் ஒருசேர அறிந்த துணைவேந்தர் கிடைப்பது அபூர்வம். இன்றைய நியமனக் குழுக்களில் ராமனின் விண்ணப்பம் முதல் சல்லடையிலேயே விழுந்திருக்கும்.

வேதியியல் இருக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் முதலில் அமர்ந்த பிரபுல்ல சந்திர ராய், 1921இல் 60 வயது ஆனதும், அதன்பின் வரும் சம்பளம் முழுவதையும் பல்கலைக்கழகத்துக்கே விட்டுக்கொடுத்துவிட்டுக் கல்லூரிக் கட்டடத்தின் ஓர் அறையில் வாழ்ந்தார்.

ராமன் பாடம் நடத்தக் கடமைப்பட்டவர் அல்ல, ஆனாலும் நடத்தினார். ஆராய்ச்சி மட்டும் பெரும்பாலும் பௌபஜாரில்தான் நடந்தது. 1919இல் சங்கத்தின் செயலாளரும் அவரே ஆனதால், பல்கலைக்கழகப் பேராசிரியர் வெளியே ஒரு தனிக்கூடத்தை ஆண்டார் என்றே சொல்ல வேண்டும். 1921இல் பல்கலைக்கழகப் பிரதிநிதியாக இங்கிலாந்து சென்ற கடல் பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. அதன்பின் ஏழு ஆண்டுகள் ஒளிச்சிதறலே அவருடைய வேலை.

அந்த ஏழாண்டில் தெற்கேயிருந்து மாணவர்கள் கூட்டமாகப் போனார்கள். கல்பாத்தி கே.ஆர். ராமநாதன் 1923இலேயே, சிதறிய ஒளியில் மங்கலாக வேறு நிறம் ஒன்று வருவதைக் கண்டார். அதை அப்போது திரவத்தின் அழுக்கு என்று நினைத்தார்கள். 1928 தொடக்கத்தில் அந்த வேலையை மறுபடி கையிலெடுத்தவர் கே.எஸ். கிருஷ்ணன். 1898 டிசம்பர் 4 அன்று வத்திராயிருப்பில் பிறந்தவர். வைகை பிறக்கும் வருசநாட்டு மலைக்கு இந்தப் பக்கம் தேனி மாவட்டம். சதுரகிரியைத் தாண்டி மறுபக்கம் இறங்கினால் அவருடைய ஊர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் படித்துவிட்டு 1920இல் ராமனைத் தேடிக் கல்கத்தா போனார். பல திரவங்களை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து, சூரிய ஒளியைப் பாய்ச்சி, நிறம் மாறிய ஒளி அழுக்கினால் வருவதல்ல, திரவத்தின் மூலக்கூறுகளாலேயே வருவது என்று உறுதிப்படுத்திய நாட்களை அவர் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பிப்ரவரி 16 தேதியிட்டு நேச்சர் இதழுக்குப் போன குறிப்பில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் உண்டு. பிப்ரவரி 28 அன்று நிறமாலைமானியில் கோடுகள் தனித்துத் தெரிந்தன. 1930 நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே வந்தது. அது பிழை என்று நான் சொல்ல மாட்டேன். கேள்வியை ஏழாண்டு சுமந்தவர் அவர். ஆனால் பள்ளிக்கூடங்களில் பிப்ரவரி 28ஐத் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடும்போது, மலைக்கு அந்தப்புறத்து மனிதரின் பெயரைத் தேனி மாவட்ட ஆசிரியர்களாவது சொல்லலாம்.

தென்னாட்டு மாணவர்கள் பெருகியது கல்கத்தாவில் முணுமுணுப்பைக் கிளப்பியது. வங்காளிப் பணத்தில் எழுந்த கூடத்தை மதராசிகள் நிரப்புகிறார்கள் என்ற மனக்குறை பத்திரிகைகளிலும் வந்தது. ராமனுடைய நாக்கும் அதைத் தணிக்கும் ரகம் அல்ல. 1933இல் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக அவர் பெங்களூர் போய்ச் சேர்ந்தார். 1934இல் சங்கத்தில் நடந்த ஓட்டெடுப்பில் அவருடைய தரப்பு தோற்றது. கல்கத்தாவோடு இருந்த உறவு முறிந்தது. கிருஷ்ணன் அதே சங்கத்தில் மகேந்திரலால் சர்க்கார் இருக்கையின் முதல் பேராசிரியராகத் தங்கி, 1942இல் அலகாபாத் சென்று, 1947இல் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார்.

ராமனுக்குப் பின் பாலித் இருக்கைக்கு வந்த தேவேந்திர மோகன் போஸ், ஜகதீச சந்திர போஸின் சகோதரி மகன். 1914இல் பெர்லினுக்குப் படிக்கப் போனவர், முதல் உலகப்போரால் 1919 வரை அங்கேயே மாட்டிக்கொண்டார். துகள் போன தடத்தை நீராவித் துளிகளால் காட்டும் முகிற்கலத்தை அங்கே கற்றுவந்தார். இருக்கையில் அவர் ஐந்தாறு ஆண்டுகளே இருந்தார். தாய்மாமன் 1937இல் இறந்ததும், அடுத்த ஆண்டு போஸ் நிறுவனத்தை நடத்தப் போய்விட்டார். அங்கே அவருடன் வேலை செய்தவர் பிபா சௌத்ரி. 1936இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் எம்.எஸ்ஸி முடித்த அவ்வாண்டின் ஒரே பெண். இருவரும் டார்ஜீலிங், சந்தக்பு, திபெத்தின் பாரி ஜோங் ஆகிய உயரங்களில் ஒளிப்படத் தகடுகளை மாதக்கணக்கில் வைத்து, விண்ணிலிருந்து வரும் அண்டக்கதிர்களின் தடங்களைப் பிடித்தார்கள். எலக்ட்ரானைவிட சுமார் 200 மடங்கு நிறை கொண்ட துகள் ஒன்று அவற்றில் தெரிந்தது. 1940 முதல் நேச்சரில் கட்டுரைகள் வந்தன. மேலும் துல்லியமாக அளக்கத் தரமான தகடுகள் வேண்டும். போர்க்காலத்தில் அவை இந்தியாவுக்கு வரவில்லை. இதே வழியில், மேலான தகடுகளோடு பை-மெசான் என்ற துகளைக் கண்டுபிடித்த பிரிஸ்டலின் செசில் பவல் 1950இல் நோபல் பெற்றார். தகடு கிடைக்காததால் கைவிட்டுப் போன கண்டுபிடிப்பு என்று இதை ஒரே அடியாகச் சொல்வது சற்று மிகை. ஆனாலும் பவலுக்கு முன்பே இந்த வழியில் இறங்கியவர்கள் இவர்கள்.

1938இல் அலகாபாத்திலிருந்து மேகநாத் சாகா வந்தார். நட்சத்திர ஒளியிலிருந்து அதன் வெப்பநிலையைக் கணிக்கும் அயனியாக்கச் சமன்பாட்டை 1920இலேயே எழுதி உலகப் பெயர் எடுத்தவர். பாலித் இருக்கையின் சுதந்திரத்தை ராமனைவிட முழுமையாகப் பயன்படுத்தியவர் சாகா என்பது என் கணிப்பு. எம்.எஸ்ஸி பாடத்தில் அணுக்கரு இயற்பியலைக் கொண்டுவந்தார். டாடா அறக்கட்டளைப் பணத்தில், துகள்களை முடுக்கும் சைக்ளோட்ரான் கட்ட இறங்கினார். அதற்கான பொருள்களை ஏற்றிவந்த கப்பல் ஒன்று போரில் மூழ்கியது. ஆறுகளைத் திட்டமிட்டுத் தடுத்துப் பயன்படுத்துவது பற்றி அவர் எழுதியவை, 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் உருவாக ஒரு காரணம். பென்னிகுக் கட்டிய முல்லைப்பெரியாறு அணைத் தண்ணீரில் இருபோகம் விளைவிப்பவர்களுக்கு இந்த அக்கறையின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

சாகா எழுப்பிய பெரிய சண்டை வேறு. 1945இல் டாடா உதவியோடு ஹோமி பாபா மும்பையில் தனி ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார். 1948இல் அணுசக்தி ஆணையம் வந்தது. முதலில் பல்கலைக்கழகங்களில் ஆள் தயாராகட்டும், பிறகு ஆணையம் அமைக்கலாம் என்றார் சாகா. அவர் பேச்சு எடுபடவில்லை. 1952இல் சுயேச்சையாக நின்று வென்று மக்களவைக்குப் போய், அணு ஆராய்ச்சியை மூடிய கதவுக்குள் வைப்பதைப் பற்றி அங்கேயும் கேள்வி கேட்டார். அரசாங்கச் சம்பளம் வாங்கும் இயக்குநர் ஒருவரால் அது நடந்திருக்காது. ஆனால் முரண் அவருக்குள்ளேயே இருந்தது. அவர் பல்கலைக்கழகத்தில் வளர்த்த துறையே 1950 ஜனவரி 11இல் ஐரீன் ஜோலியோ-கியூரி திறந்துவைத்த அணுக்கரு இயற்பியல் நிறுவனமாகப் பிரிந்தது. அவர் 1956இல் மறைந்தபின் சாகா நிறுவனம் என்று பெயர் பெற்றது. பின்னாளில் அவர் எதிர்த்த அணுசக்தித் துறையின் குடைக்குள்ளேயே போனது.

இருக்கை அதோடு முடியவில்லை. சாகாவின் மாணவர் பி.டி. நாக் சௌத்ரி அதில் இருந்தார். 1970களில் மஜும்தார்-கோஷ் மாதிரி என்ற காந்தவியல் கோட்பாட்டால் அறியப்பட்ட சஞ்சல் குமார் மஜும்தார் இருந்தார். இவரும் பிற்காலத்தில் சத்யேந்திரநாத் போஸ் தேசிய மையத்தின் முதல் இயக்குநராகப் போனவர்தான். ராமன், போஸ், சாகா, மஜும்தார் என்று பார்த்தால் ஒரே போக்கு தெரிகிறது: இருக்கை ஆளை உருவாக்கியது, ஆள் நிறுவனத்தை நோக்கிப் போனார், நிறுவனம் மைய அரசின் கீழ் வந்தது.

பிபா சௌத்ரியின் பாதையும் இதற்கு ஒத்தே இருக்கிறது. மலையுச்சியில் தொடங்கியவர், பாபாவின் நிறுவனத்தில் சேர்ந்து, பிற்பாடு கோலார் தங்கவயலின் ஆழத்துச் சோதனைகளில் ஈடுபட்டார். அண்டக்கதிரைப் பார்க்க மேலே ஏற வேண்டும். அண்டக்கதிர் மோதி வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவைப் பார்க்கக் கீழே இறங்க வேண்டும். மற்ற துகள்களைப் பாறை தடுத்துவிடும், நியூட்ரினோ மட்டும் ஊடுருவி வரும். கோலாரில் 2 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் 1965இல் இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் குழு அதைப் பதிவு செய்தது. வளிமண்டல நியூட்ரினோவைப் பற்றி உலகிலேயே முதன்முதலில் அச்சேறியது அந்த அறிக்கை. 1990களில் சோதனை நின்றது, சுரங்கமும் பின்னர் மூடப்பட்டது. நியூட்ரினோ ஆய்வகத்துக்கு மாற்றிடம் தேடித்தான் விஞ்ஞானிகள் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். நீலகிரியின் சிங்காரா, முதுமலைப் புலிகளை முன்னிட்டு 2009இல் மறுக்கப்பட்டது. அடுத்து வந்தது பொட்டிப்புரம் அம்பரப்பர் கரடு. சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை, எல்லாப் பக்கமும் 1,000 மீட்டர் பாறைக் கவசம், 50,000 டன் காந்த இரும்பு. 2015இல் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. பாபா தொடங்கிய டாடா ஆராய்ச்சி நிறுவனம் முன்நின்ற கூட்டமைப்பில் சாகா நிறுவனமும் கல்கத்தா பல்கலைக்கழகமும் உண்டு.

பின்னர் நடந்தது தேனிக்காரர்கள் அறிந்ததே. வெடிவைத்தால் முல்லைப்பெரியாறு அணைக்கு என்ன ஆகும், கேரளத்து மதிகெட்டான் சோலை 5 கிலோமீட்டருக்குள் இருக்கிறதே, ஆடுமாடு மேய்க்கும் நிலம் போய்விடுமா, அணுக்கழிவு கொண்டுவந்து கொட்டுவார்களா என்று மக்கள் கேட்டார்கள். கழிவு பற்றிய பயத்துக்கு அடிப்படை இல்லை. காடு, தண்ணீர், மேய்ச்சல் பற்றிய கேள்விகள் நியாயமானவை. 2017இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018இல் மத்திய அரசு சிறப்பு நேர்வாக மறுபடி அனுமதித்தது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. திட்டம் வேண்டாம் என்று தமிழக முதல்வர் பிரதமரிடம் கேட்டுக்கொண்டார். 2022இல் மாநில அரசு உச்ச நீதிமன்றத்திலும் அதையே சொன்னது.

இந்தச் சர்ச்சை முழுவதிலும் எனக்குத் தென்படும் குறை ஒன்று. கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் பெரும்பாலும் திட்டத்தைச் சேர்ந்தவர்களே. அணுசக்தித் துறையின் சம்பளத்தில் இருப்பவர் உண்மையையே சொன்னாலும் மேய்ச்சல்காரர் அதை நம்பத் தயங்குவார். அதில் தவறும் இல்லை. சாகா அன்று நாடாளுமன்றத்தில் பேசியதைப்போல, துறைக்குக் கடன்படாமல் இரண்டு பக்கமும் பேசக்கூடிய இயற்பியல் பேராசிரியர் ஒருவர் பக்கத்து ஊரிலேயே இருந்திருந்தால், திட்டம் வந்திருக்குமா போயிருக்குமா என்பது வேறு. விவாதம் தரமாக நடந்திருக்கும்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் தமிழ் இருக்கைகளுக்கு நம்மவர்கள் கோடிக்கணக்கில் திரட்டிக் கொடுத்ததை அண்மையில் பார்த்தோம். ஏலக்காயிலும் திராட்சையிலும் பருத்தியிலும் பணம் பார்த்த இந்தப் பள்ளத்தாக்கின் வணிகர்களும் அவர்களோடு சேர்ந்து, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் கே.எஸ். கிருஷ்ணன் பெயரில், எந்தத் துறையின் தயவும் தேவைப்படாத வைப்புத்தொகையோடு, இயற்பியல் இருக்கை ஒன்றை நிறுவ முன்வர வேண்டும்.