நெட்லிங்க்: கெர்னலும் பயனர் நிரல்களும் செய்தி பரிமாறும் முறை

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமாகிய கெர்னலும் அதன்மீது இயங்கும் பயனர் நிரல்களும் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்வதற்கென அமைந்த சாக்கெட் வகைக்கு நெட்லிங்க் என்று பெயர். நெட்வொர்க் கேபிள் துண்டிக்கப்பட்டது, புதிய முகவரி ஒன்று அமைந்தது, ரௌட்டிங் அட்டவணையிலிருந்து ஒரு பாதை நீங்கியது என்பன போன்ற சமாசாரங்களைக் கெர்னல் இதன் வழியாக வெளியே அறிவிக்கிறது. பாதையைச் சேர்க்கவும் முகவரியை மாற்றவும் வேண்டும் நிரல்களும் தம் விண்ணப்பங்களை இதன் வழியாகவே உள்ளே அனுப்புகின்றன. லினக்ஸ் 2.0-இல் சாதனக் கோப்பு வடிவில் எளிய முறையாக இருந்த இது, 1999-இல் வெளிவந்த 2.2 பதிப்பில் சாக்கெட் உருவம் பெற்றது. இதன் அமைப்பை விவரிக்கும் ஆர்.எஃப்.சி. 3549 என்னும் ஆவணம் 2003-இல் வெளியாயிற்று. ஜமால் ஹாதி சலீமும் அலெக்ஸி குஸ்நெட்சோவும் அதன் ஆசிரியர்களுள் இருவர்.

பழைய சிஸ்டம் கால் முறையில் நிரல் கேட்டால்தான் கெர்னல் பதில் சொல்லும். தானாக முன்வந்து ஒன்றையும் சொல்லாது. நெட்லிங்கிலோ கெர்னலே முதலில் பேசலாம். ஒரே செய்தியைக் குழுவாகப் பதிந்துகொண்ட பல நிரல்களுக்கு ஒருசேர வழங்கலாம். இதன் விசேஷம் அதுவே. செய்தி வழங்கலின் நம்பகத்தன்மை பற்றிய சங்கடங்கள் யாவும் பிறப்பதும் அதிலிருந்துதான்.

ஒவ்வொரு செய்திக்கும் 16 பைட் அளவுள்ள தலைப்பு உண்டு. நீளம், வகை, கொடிகள், வரிசை எண், அனுப்பிய சாக்கெட்டின் அடையாள எண் ஆகிய ஐந்தும் அதில் அடங்கும். விண்ணப்பத்தில் ஒப்புகைக் கொடியை ஏற்றி அனுப்பினால், காரியம் முடிந்ததும் பிழை எண் பூஜ்யமாக அமைந்த ஒரு பிழைச் செய்தியே ஒப்புகையாகத் திரும்பி வரும். எந்த விண்ணப்பத்திற்கு எது பதில் என்பதை வரிசை எண் காட்டிவிடும். முழு அட்டவணையையும் கேட்கும்போது பதில் பல பகுதிகளாக வருகிறது; நிரல் வாசிக்க வாசிக்கவே கெர்னல் அடுத்த பகுதியை நிரப்புவதால் வேகப் பொருத்தம் தானாக அமைகிறது; இடையில் அட்டவணை மாறிவிட்டால் அதை உணர்த்தவும் ஒரு கொடி உண்டு. ஆகவே, கேட்டுப் பெறும் திசையில் பெரும்பாலும் குறை சொல்வதற்கில்லை.

கேளாமல் வரும் நிகழ்ச்சி அறிவிப்புகளின் நிலை வேறு. அவற்றுள் பல, நெட்வொர்க் பாக்கெட்டைக் கையாளும் நடுவிலே, கெர்னல் சற்றும் உறங்கக் கூடாத தருணத்தில் பிறக்கின்றன. சோம்பலான ஒரு நிரல் வாசித்து முடிக்கட்டும் என்று கெர்னல் காத்திருந்தால் யந்திரம் முழுவதன் போக்குவரத்தும் அந்த ஒரு நிரலின் தயவில் நின்றுவிடும். காத்திருக்கும் செய்திகளை அளவின்றிச் சேமிக்கலாமென்றாலோ நினைவகத்துக்கு எல்லை உண்டு. ஆதலால் பெறும் சாக்கெட்டின் பஃபர் நிறைந்ததும் புதிய செய்தி கைவிடப்படுகிறது. ஆனால் அந்த இழப்பு மறைக்கப்படுவதில்லை என்பதே நெட்லிங்கின் நேர்மை: அடுத்த முறை நிரல் வாசிக்க வரும்போது ஈநோபஃப்ஸ் என்னும் பிழையைக் கெர்னல் கையில் கொடுக்கிறது. எது போயிற்று என்று அது சொல்லாது. போயிற்று என்று மட்டும் சொல்லும்.

அந்த ஒரு சொல்லே பல சமயங்களில் போதுமானது. ரௌட்டிங் பாதைகளைக் கண்காணிக்கும் நிரல் தன் பழைய பிரதியை ஐயத்துக்குரியதாகக் கொண்டு, முழு அட்டவணையையும் மறுபடி கேட்டு வாங்கினால் கெர்னலின் உண்மை நிலையோடு ஒத்துவிடலாம். இதில் கிரமம் முக்கியம்: முதலில் அறிவிப்புக் குழுவில் சேர வேண்டும், பிறகே அட்டவணையைக் கேட்க வேண்டும். மாற்றிச் செய்தால் இடைப்பட்ட கணத்தில் நடந்த மாறுதல்கள் ஒருவருக்கும் தெரியாமலே போய்விடும்.

மீண்டும் கேட்டாலும் கிடைக்காதவையும் உண்டு; இங்குதான் பிரச்சினை கனமாகிறது. ஃபயர்வாலின் இணைப்புக் கண்காணிப்புப் பிரிவில் ஓர் இணைப்பு முடிந்ததும், அது கடத்திய பாக்கெட்டுகளின் இறுதிக் கணக்கு அழிவுச் செய்தியில் வெளிவருகிறது. பதிவோ அட்டவணையிலிருந்து நீங்கிவிடுகிறது. அச்செய்தி தவறினால் அக்கணக்கை எங்கே போய்த் தேடுவது? இதற்குப் பரிகாரமாக, பாப்லோ நெய்ரா அயூசோ எழுதிய நம்பகமான நிகழ்ச்சி வழங்கல் முறை 2009-இல் வெளிவந்த 2.6.31 பதிப்பில் சேர்ந்தது. விரும்புவோர் மட்டும் அமைத்துக்கொள்ளும் இம்முறையில், அழிவுச் செய்தி சேரவில்லையென்றால் முடிந்த இணைப்பின் பதிவு உடனே விடுவிக்கப்படாமல் தனிப் பட்டியலில் வைக்கப்பட்டு, செய்தி சேரும்வரை மீண்டும் மீண்டும் அனுப்பப்படுகிறது. இதற்கு விலை நினைவகம். கேட்கும் நிரல் நெடுநேரம் பின்தங்கினால் புதிய இணைப்புகளுக்கு இடமின்றிப் பாக்கெட்டுகள் கைவிடப்படவும் நேரும். கணக்கு ஒன்றே பிரதானமான இடத்தில் அது தகுந்த விலை என்பதில் ஐயமில்லை.

தணிக்கைப் பிரிவு இன்னும் கண்டிப்பானது. அதுவும் நெட்லிங்க் வழியாகவே தன் பதிவுகளை வெளியிடுகிறது. வரிசை நிரம்பினால், நிகழ்ச்சிக்குக் காரணமான நிரலையே சிறிது நேரம் காக்க வைக்கிறது. பதிவு தவறிப்போனால் பேசாமல் இருப்பதா, எச்சரிக்கை எழுதுவதா, இயங்குதளத்தையே நிறுத்திவிடுவதா என்பதை நிர்வாகி முன்கூட்டியே தீர்மானித்து வைக்கலாம். கடைசி வழி கொடியதாகத் தோன்றினும், யார் எக்கோப்பைத் திறந்தார் என்ற சாட்சியம் இன்றியமையாத ஸ்தாபனங்களுக்கு அது நியாயமானதே.

பஃபரைப் பெரிதாக்குவது பலரும் முதலில் நாடும் உபாயம். திடீரென எழும் செய்தி வெள்ளத்தை அது தாங்கும். நிரல் எப்போதுமே மந்தமாயிருந்தால் இழப்பைத் தள்ளிப்போடுவதன்றி வேறெதுவும் செய்யாது. விண்ணப்பங்களுக்கு ஒரு சாக்கெட்டும் அறிவிப்புகளுக்கு வேறொரு சாக்கெட்டும் வைத்துக்கொள்வது நல்லது. இல்லையேல் அறிவிப்புகளின் நெரிசலில் ஒப்புகையும் இடமின்றித் தவறக்கூடும். ஈநோபஃப்ஸ் பிழை வராதபடி அடக்கிவைக்கும் விருப்பத் தேர்வும் உண்டு. இழப்பைப் பொருட்படுத்தாத நிரல் தவிர மற்றெதுவும் அதை நாடலாகாது. எந்த சாக்கெட்டில் எத்தனை செய்திகள் கைவிடப்பட்டன என்பதை /புரோக்/நெட்/நெட்லிங்க் கோப்பின் கடைசிப் பத்திகளுள் ஒன்று காட்டும். இத்தகைய நிரலை எழுதுவோர், பஃபரை வேண்டுமென்றே மிகச் சிறிதாக்கி, நூற்றுக்கணக்கான பாதைகளை ஒருசேரச் சேர்த்து நீக்கி, தம் நிரல் பிழையைக் கண்டுகொண்டு அட்டவணையை மறுபடி கேட்கிறதா என்று சோதித்த பின்னரே அதைப் பிறர் கையில் கொடுக்க வேண்டும்.